உடம்புக்கு ஒரு ட்யூட்டி சார்ட்

விழித்ததும் அவளுக்கு முதலில் தெரிந்தது இடது கால் சுத்தமாக இருப்பதுதான்.

கண்ணை மூடிக்கொண்டே அது எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் தினமும் குளிக்கிறவர்கள். பதினோரு நாள் தண்ணீர் படாத கால் எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. விரலிடுக்கில் ஒரு பிசுபிசுப்பு குடியேறிவிடும். குதிகால் விரிப்பில் உரசும்போதெல்லாம் மணலைத் தேய்க்கிற மாதிரி சரசரக்கும். வலது காலில் அதெல்லாம் இப்போதும் இருந்தது. இடது கால் மட்டும் வழுவழுவென்று, சில்லென்று, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலிடுக்குகளை யாரோ பொறுமையாகத் துடைத்திருந்தார்கள். நகம்கூட வெட்டியிருந்தது.

அன்று புதன்கிழமை. புதன்கிழமை இடது கைக்குத்தான் முறை, காலுக்கு இல்லை.

அவளை வீட்டில் கெண்டை என்று கூப்பிடுவார்கள். வீட்டில் என்றால், கூப்பிட இப்போது மிச்சமிருப்பது அக்கா ஒருத்திதான். சின்ன வயசில் தண்ணீர்த் தொட்டியில் இறங்கினால் தூக்கி வெளியே போட்டால்தான் உண்டு என்று வைத்த பேர். வளர்ந்து நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போனதும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது, எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது அவளுடைய தெம்பையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர் நான்கு பேரைப் பார்த்தார்கள். மூன்று பேர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். நான்காமவர்தான் உட்கார வைத்து, "பேட்டரி பழசாயிடுச்சும்மா. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டாலும் ரெண்டு கோடுதான் ஏறும். அதையும் மீறிச் செலவு பண்ணினா அடுத்த நாள் அந்த ரெண்டும் இருக்காது" என்று புரிகிற பாஷையில் சொன்னார்.

கடைசியாக முழுசாகக் குளித்தது பதினான்கு மாதத்துக்கு முன்னால். குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, அக்கா தலையிலிருந்து ஊற்றினாள். கெண்டைக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு சுகம். மறுநாள் காலையில் எச்சில் விழுங்க முடியவில்லை. பத்தொன்பது நாள் கஞ்சித் தண்ணீரை ஸ்பூனால் ஊற்றினாள் அக்கா. இருபதாவது நாள், "இனிமே குளியலே கிடையாது உனக்கு. ஷிஃப்ட்தான்" என்றாள்.

அக்கா பேருந்து டிப்போவில் ட்யூட்டி போடுகிறவள். எந்த ஓட்டுநர், எந்த வண்டி, எத்தனை மணிக்கு, யாருக்கு ஓய்வு என்று நூற்றிருபது பேரைப் பிரித்துப்போட்டே பழகிய கை. தங்கையின் உடம்பையும் அப்படியே பிரித்துப்போட்டாள். திங்கள் முகம், செவ்வாய் வலது கை, புதன் இடது கை, வியாழன் மார்பும் வயிறும், வெள்ளி முதுகு, சனி கால்கள், ஞாயிறு வார ஓய்வு. தலை மாதத்துக்கு ஒரு தடவை, அதற்கு 'ஸ்பெஷல் ட்ரிப்' என்று பேர். இடுப்புக்குக் கீழே மட்டும் தினமும், அதைக் கெண்டையே படுத்த வாக்கில் ஈரத்தாளால் துடைத்துக்கொள்வாள். அது அவளுடைய மானப்பிரச்சினை, அதில் அக்கா தலையிடமாட்டாள். பல் ஒன்றுவிட்டு ஒருநாள். கட்டம் போட்ட சார்ட்டை அலமாரிக் கதவில் ஒட்டி, சிவப்புப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் அக்கா. முடிந்த வேலைக்கு ஒரு டிக்.

இதில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வெளிச்சம் அவளைத் தின்றது, சத்தம் தின்றது, பேச்சு எல்லாவற்றையும்விட அதிகமாகத் தின்றது. அதனால் கண்ணில் கறுப்புப் பட்டி, காதில் பஞ்சு, ஜன்னலுக்குத் தடித்த திரை. அக்கா வந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அன்றைக்கு முறையான இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை அழுத்துவாள். துடைக்கட்டுமா என்று அர்த்தம். கெண்டை விரலால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு தட்டினால் இன்றைக்கு முடியாது. இரண்டு தட்டினால் அக்கா கோபித்துக்கொள்ளாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பதின்மூன்று மாதமாக ஒரு நாளும் பிசகாமல் நடந்த ஏற்பாடு அது. பார்க்காமல், கேட்காமல், பேசாமல் ஒருத்தியைக் குளிப்பாட்ட அதைவிட நல்ல வழி கிடையாது.

அதனால் இடது காலைப் பற்றி அவள் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. காலையில் தூக்கக்கலக்கத்தில் இருந்தபோது அக்கா துடைத்திருப்பாள், போன சனிக்கிழமை விட்டுப்போனதற்கு ஈடு செய்திருப்பாள் என்று நினைத்தாள். அப்புறம் ஏன் ஒரு கால் மட்டும் என்று ஒரு கேள்வி எழுந்தது. யோசிப்பதும் செலவுதான் என்று அதைத் தள்ளிப்போட்டாள்.

மாலை ஏழு மணிக்கு அக்கா வேலையிலிருந்து வந்தாள். பஞ்சையும் மீறி அவள் வந்தது தெரிந்தது, டீசல் வாசனை முன்னால் வரும். கண்பட்டியை மெல்ல விலக்கினாள். நடைவிளக்கின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாக அலமாரியில் விழுந்திருந்தது. சார்ட்டில் சனிக்கிழமைக் கட்டத்தில், இன்னும் வராத சனிக்கிழமையில், புதிதாக ஒரு சிவப்பு டிக்.

"நீயா எந்திரிச்சுப் போய்ப் போட்டே?" என்று அக்கா காதோரம் கிசுகிசுத்தாள்.

கட்டிலிலிருந்து அலமாரி எட்டு காலடி தூரம். கட்டிலை ஒட்டிக் கக்கூசுக்காகப் போட்டிருக்கும் ஓட்டை வைத்த நாற்காலிக்கு மாறுவதே கெண்டைக்கு ஒரு நாள் வேலை. அக்கா போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "நகம்கூட வெட்டியிருக்கியேடி கெண்டை" என்றாள். அழுதாள். இரண்டு வருடமாக அவள் அழாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

நான் இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று கெண்டை கண்ணை மூடிக்கொண்டாள். தப்பு என்று பார்த்தால் அவள் செய்தது அந்த ஒன்றுதான்.

இரண்டாவது தடவை அவள் விழித்துத்தான் இருந்தாள். மணி தெரியாது. கண்பட்டிக்குள் எல்லா நேரமும் ஒரே நேரம். வலது கையின் மேல் ஒரு உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. ஒரு தடவை அழுத்தியது. அக்கா என்று நினைத்து ஒரு தட்டு தட்டினாள்.

துணி வந்தது. வெதுவெதுப்பு இல்லை, குளிரும் இல்லை. தண்ணீர் எந்தச் சூட்டில் இருந்தால் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமோ அந்தச் சூடு. அக்கா எவ்வளவு முயன்றாலும் கடைசியில் ஒரு சொட்டு முழங்கையிலிருந்து ஒழுகி விரிப்பை நனைத்துவிடும், இன்றைக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. தோளிலிருந்து தொடங்கி, அக்குளில் நிதானித்து, முழங்கை மடிப்பில் சுற்றி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து நீவிவிட்டது. சோப்பு வாசனை இல்லை. மழை நின்றபின் சிமெண்டுத் தரையிலிருந்து எழுமே, அந்த வாசனை. துணி போன வழியெல்லாம் வலியும் போயிற்று. இரண்டு வருடமாக எலும்புக்குள் ஈயத்தை ஊற்றிவைத்த மாதிரி கனத்த கை, பஞ்சாகிவிட்டது. கெண்டைக்குக் கண்பட்டிக்குள் கண்ணீர் வந்தது. அக்காவுக்கு எப்படியோ கை பக்குவப்பட்டுவிட்டது என்று நினைத்தாள். அந்த நினைப்போடு தூங்கிப்போனாள்.

டீசல் வாசனை எழுப்பியது. அக்கா தோளில் பையோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இப்பதான் வர்றியா?" என்றாள் கெண்டை. மூன்று நாளில் பேசிய முதல் பேச்சு.

"ஆமா, ஏன்? காலையில நீ நல்லா தூங்கிட்டிருந்தே, எழுப்ப மனசு வரல. துடைக்காமத்தான் போனேன்" என்றவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். "அட. வலது கையும் முடிச்சிட்டியா?"

கெண்டை பேச வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

அன்று ராத்திரி அக்கா தூங்கியபின் இடது கையால் வலது கையைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கைக்குத் தெரிந்தது. தொடப்பட்ட கைக்குத் தெரியவில்லை. கிள்ளினாள். நகம் பதிந்த இடத்தில் குழி விழுந்து மெல்ல நிரம்பியது. வலி மட்டும் வரவில்லை. கட்டிலில் பக்கத்தில் யாரோ கையை நீட்டிப் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் கண்பட்டியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள். திரைக்கு மேல் ஒரு நூல் வெளிச்சம் வந்து கண்ணைக் குத்தியது, பொறுத்துக்கொண்டாள். யாரும் வரவில்லை. வெளியே எங்கோ லாரி பின்வாங்கும் பீப் பீப் சத்தம். குளிர்சாதனப்பெட்டி உறுமி நின்றது. எப்போது கண் அசந்தது என்று தெரியவில்லை. விழித்தபோது தலையைத் திருப்பித் தரையைப் பார்த்தாள்.

ஈரக் காலடிகள். கட்டிலடியிலிருந்து அலமாரி வரைக்கும், அலமாரியிலிருந்து திரும்பக் கட்டில் வரைக்கும். ஒழுங்காக, சம இடைவெளியில். எல்லாமே இடது கால். வலது காலடி ஒன்றுகூட இல்லை.

அவள் பார்க்கப் பார்க்க ஓரத்திலிருந்து காய்ந்து, ஒவ்வொன்றாகச் சிறுத்து, கட்டைவிரல் தடம் மட்டும் மிஞ்சி, அதுவும் போயிற்று.

அன்று மாலை அவள் பேசினாள். ஏழு வார்த்தை. ஒரு வாரத்துச் சேமிப்பை ஒரே மூச்சில் கொட்டி, "நான் இல்லக்கா. மத்தியானம் யாரோ வராங்க. என்னைத் துடைக்கறாங்க" என்றாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய் வாசல் பூட்டைப் பார்த்தாள், பின்கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள், குளியலறை ஜன்னலில் கையை விட்டுப் பார்த்தாள். பூனைகூட நுழைய வழியில்லை. திரும்பி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். "நாளைக்கு நான் லீவு. நாள் பூரா இங்கயேதான் உக்காந்திருப்பேன். எவ வரான்னு பாத்துடலாம்" என்றாள். கெண்டைக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மறுநாள் அக்கா நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டு, மடியில் டிப்போ காகிதங்களோடு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவலிருந்தாள். எதுவும் வரவில்லை. மூன்று மணிக்குக் கெண்டைக்குத் தொண்டை வறண்டது. கட்டில் பக்கத்து முக்காலியில் டம்ளர் இருந்தது. அக்காவைக் கூப்பிட விரலைத் தூக்கலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வலது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. டம்ளரை எடுத்தது. ஒரு துளி தளும்பாமல் கொண்டுவந்து அவள் உதட்டில் வைத்துச் சாய்த்தது.

அவள் அந்தக் கையைத் தூக்கவில்லை.

"கெண்டை," என்றாள் அக்கா. காகிதங்கள் மடியிலிருந்து சரிந்தன. "பாரேன். உன்னால முடியுது."

"நா... இல்ல."

"சரி சரி, பேசாத. எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னாரே, உடம்பு தேறும்போது மனசு நம்பாது, பயப்படும்னு. ரெண்டு வருஷமா முடியாது முடியாதுன்னே இருந்தாச்சு, இப்ப முடியும்போது வேற யாரோ செய்யற மாதிரிதான் தோணும்." கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை அவள் கன்னத்தை வருடிக்கொடுத்தது. அக்காவுக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

கெண்டை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டப் பார்த்தாள். கழுத்து மறுத்தது. வலது கை அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டது.

"டிப்போவுல பெரியவரு எத்தனை நாளா கேட்டுட்டிருக்காரு, முழு நாளும் வாம்மான்னு" என்றாள் அக்கா, பாதி அவளிடமும் பாதி தனக்குமாக. "திங்கட்கிழமையில இருந்து காலையிலயே போயிடறேன். உனக்கும் நான் தலைமாட்டிலயே உக்காந்திருக்கறது தொந்தரவுதான்."

திங்கட்கிழமை முதல் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஏழு மணி வரைக்கும் வீட்டில் கெண்டை தனி.

தனி என்பது பேச்சுக்குத்தான்.

முதல் நாள் அது இடது கையில் அழுத்தியது. ஒரு தடவை. அவள் இரண்டு தட்டினாள். கை எடுக்கப்பட்டது. வாளியின் பிடி கணகணக்கிற சத்தம் கதவுப் பக்கமாக நகர்ந்து ஓய்ந்தது. கோபம் இல்லை, அவசரம் இல்லை, அக்காவைப் போலவே. இரண்டாம் நாள் முதுகு. இரண்டு தட்டு. போய்விட்டது. மூன்றாம் நாள் வயிறு. இரண்டு தட்டு. போய்விட்டது. கேட்காமல் தொடாது, வேண்டாம் என்றால் தொடாது என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரு தைரியம் வந்தது. விரல் அசைகிற வரைக்கும் பயமில்லை.

ஆனால் அவளைத் துடைக்க இப்போது வேறு ஆளும் இல்லை. அக்கா அசந்து வருகிறாள், வந்ததும் சார்ட்டைப் பார்க்கிறாள். கட்டங்களில் டிக் இல்லாவிட்டால், "பரவாயில்ல, நாளைக்குப் பண்ணிக்கோ. அவசரமே இல்ல" என்கிறாள் பெருந்தன்மையாக. தானே செய்துகொள்கிறவளுக்கு ஒத்தாசை செய்து சோம்பேறியாக்கக் கூடாதாம். ஒரு வாரம் போயிற்று, பத்து நாள் போயிற்று. முதுகின் வியர்வை காய்ந்து, மறுபடி வியர்த்து, விரிப்போடு ஒட்டியது. மார்புக்கடியில் சிவந்து புண்ணாகத் தொடங்கியது. தன் வாசனை தனக்கே மூக்கில் ஏறியது. பழந்துணியை வாளியில் ஊறப்போட்டு மறந்துபோன வாசனை. அத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம். தலையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஸ்பெஷல் ட்ரிப் போய் ஏழு வாரம். முடி சிக்குப் பிடித்து ஒரே கட்டியாகி, தலையணையில் தலையைத் திருப்பினால் வேரோடு இழுத்தது. அரிப்பு. விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும், தூக்கத்துக்குள்ளும் அரிப்பு. சொறிய இடது கைக்குத் தெம்பில்லை. வலது கை நெஞ்சின் மேல் விரல்களைக் கோத்த பாவனையில் சும்மா கிடந்தது. அதற்குத் தெம்பு நிறைய இருந்தது. சொறிந்துவிடத்தான் அதற்கு மனசில்லை.

பதினோராம் நாள் உள்ளங்கை வந்து அவள் உச்சந்தலையில் உட்கார்ந்தது. ஒரு தடவை அழுத்தியது. அழுத்திய இடத்தில் அரிப்பு நின்றது.

கெண்டை அழுதாள். யாராயிருந்தால் என்ன என்று நினைத்தாள். பேயோ பிசாசோ, அவளைத் தொடுகிற ஆள் உலகத்தில் இப்போது அது ஒன்றுதானே? அழுக்கோடு கிடக்கிற வெட்கம் தெரியாதவர்கள் வேண்டுமானால் இரண்டு தட்டட்டும்.

ஒரு தட்டு தட்டினாள்.

அப்பா. அந்தத் தண்ணீர். அந்த விரல்கள். ஒரு முடிக்குக்கூட நோகாமல் சிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தன. காதுமடலுக்குப் பின்னால், பிடரியில், நெற்றியோரத்தில். கடைசியில் துவட்டி, வாரி, பின்னலும் போட்டுவிட்டது. தலை காற்றில் மிதந்தது. கெண்டை நன்றாகத் தூங்கினாள். அன்று மாலை அக்கா பின்னலைப் பிடித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "நான் பின்னினாக்கூட இப்படி வராதுடி" என்றாள். பின்னலை அவள் இழுத்தது கெண்டைக்குத் தெரியவேயில்லை.

அதற்கப்புறம் அவள் இரண்டு தட்டியதும் உண்டு, ஒன்று தட்டியதும் உண்டு. முதுகுக்குத் தட்டினாள், புண் தாங்கவில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் தட்டினாள். வலது காலுக்கு வேண்டாம் வேண்டாம் என்று நான்கு நாள் பிடிவாதம் பிடித்தாள். ஐந்தாம் நாள் அந்த ஒரு கால்மட்டும் மொத்த உடம்பின் வலியையும் தானே சுமப்பதுபோலக் குடைந்ததும், தட்டிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அப்படியொரு விடுதலை. ஒவ்வொரு தடவையும் விழித்தபோது அவள் கொஞ்சம் சின்னவளாகியிருந்தாள்.

இப்போது மத்தியானங்களில் உடம்பு எழுந்து நடந்தது. அவளைக் கேட்காமல். அலமாரிக்கு, சமையலறைக்கு, ஜன்னலுக்கு. பாத்திரம் கழுவியது. விரிப்பை மாற்றியது. தலைக்குள் உட்கார்ந்து, வேறு யாரோ ஓட்டுகிற வண்டியில் போவதுபோல, கண்பட்டிக்குப் பின்னால் குலுங்கியபடி போய்வந்தாள் கெண்டை. இடது கை மட்டும் பக்கவாட்டில் தொங்கி, நடக்கும்போது தொடையில் அடித்துக்கொண்டு, கனத்து, நாறி, வலித்தது. அந்த வலியை அவள் பிள்ளையைப் பொத்திவைப்பதுபோலப் பொத்திவைத்துக்கொண்டாள். மிச்சமிருந்தது இடது கை. அப்புறம் முகம்.

அக்காவிடம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை, முழுசாக. ராத்திரி அக்கா பக்கத்தில் வந்து படுத்தபோது வாயைத் திறந்தாள்.

"அக்கா. இது நானில்ல."

"தெரியும்," என்றாள் அக்கா தூக்கத்தோடு. குரலில் அத்தனை நிம்மதி. "பழைய கெண்டை போயே போயிட்டா. நீ புது ஆளாயிட்டே." வலது கையைத் தேடிப் பிடித்துத் தன் கழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

இடது கை சட்டத்தில் தட்டியது. இரண்டு. இரண்டு. இரண்டு. குறட்டை கேட்டது.

மறுநாள். வீடு அமைதி. உடம்பு படுத்திருந்தது. காத்திருந்தது.

வாளிப் பிடியின் கணகணப்பு. மழைச் சிமெண்டு வாசனை. காதில் இருந்த பஞ்சை எதுவோ மெல்ல உருவியது. முதலில் வலது காது, அப்புறம் இடது. சத்தமெல்லாம் உள்ளே வந்தது. சொட்டு. சொட்டு. துணி பிழியும் சத்தம்.

கண்பட்டியை அவிழ்க்கவில்லை.

உள்ளங்கை முகத்தின் மேல் வந்தது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மூடியது. ஒரு தடவை அழுத்தியது.

இடது கை. இரண்டு தட்டு.

உள்ளங்கை நகரவில்லை.

மறுபடி. இரண்டு. இரண்டு. நகம் பிய்ந்தது. இரண்டு.

காத்திருந்தது. மரியாதையாகத்தான். அவசரமேயில்லாமல்.

அப்போது கட்டிலின் வலது பக்கத்தில், அவள் தூக்காத கையின், அவள் அசைக்காத விரல், சட்டத்தில் தட்டியது.

ஒன்று.

துணி இறங்கியது.

நெற்றி போயிற்று. புருவம். இமைகள் இரண்டும் பட்டிக்கடியிலேயே. மூக்கோரம், உதடு. கத்த நினைத்தாள், கத்த வேண்டிய இடத்தைத் துணி ஒற்றி எடுத்துவிட்டிருந்தது. கடைசியாக இடது கை. அதற்கு அது கேட்கவேயில்லை. கேட்க யாரும் மிச்சமில்லை என்று நினைத்ததோ என்னவோ.

துணி தண்ணீரில் முங்கியது. பிழிந்தது. முங்கியது. பிழிந்தது.

அவள் பிழியப்பட்டாள்.

இருட்டு, ஆனால் கண்பட்டியின் இருட்டு இல்லை. கலங்கிய, சாம்பல் நிறமான, மெல்லச் சுற்றுகிற இருட்டு. மேலே வட்டமாக ஒரு வெளிச்சம். கையில்லை, காலில்லை. வலி இருந்தது, அத்தனை வலியும். அசதி, அரிப்பு, புண், இரண்டு வருடத்துப் பிசுபிசுப்பு, உரிந்த தோல், உதிர்ந்த முடி, எல்லாம் அவளிடமே இருந்தன. அவை மட்டுமே அவளாக இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அடியில் படிந்தாள்.

நேரம் போயிற்று. பூட்டு திறந்தது. டீசல் வாசனை.

"அக்கா, வந்துட்டியா?"

அவளுடைய குரல். காய்ச்சலுக்கு முந்தின குரல். குளத்தின் அந்தக் கரையில் நிற்கிற பிள்ளைக்கும் கேட்கிற குரல்.

பை கீழே விழுந்தது. திரைகள் சரக்கென்று விலகின. வெளிச்சம் வாளியின் விளிம்பைத் தாண்டி வந்து விழுந்தது. அக்கா அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். "நில்லுடி, அப்படியே நில்லு, உன்னை நல்லாப் பாத்துக்கறேன். முகமெல்லாம் எப்படிப் பளிச்சுனு இருக்கு" என்றாள். அலமாரிக் கதவிலிருந்து சார்ட்டைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. கெண்டை கூப்பிட்டாள். தண்ணீரின் மேல் ஒரு குமிழி வந்து உடைந்தது.

"இந்த வாளிய இங்கயே வெச்சிட்டியா? இரு, நான் கொட்டிட்டு வரேன். நீ உக்காரு."

வட்டம் ஆடியது. மேலே அக்காவின் முகம் வந்தது, குனிந்து பார்த்தது. அவ்வளவு சந்தோஷமான முகம். கண்ணைச் சுற்றி இருந்த கருவளையம்கூட மங்கிவிட்டிருந்தது. நேராகக் கெண்டையைத்தான் பார்த்தாள். "அப்பப்பா, எவ்வளவு அழுக்குடி" என்று சிரித்தாள்.

சாய்த்தாள்.

தரை. ஓடுகள். சலசலவென்று தண்ணீர் அவளைவிட்டுப் போயிற்று. சல்லடை மூடியின் ஓட்டைகளில் சுழித்து இறங்கிற்று. அவள் போகவில்லை. ஓடுகளின் இடுக்குகளைப் பிடித்துக்கொண்டாள். சாம்பலாக, கொழகொழவென்று, ஆள் படுத்திருக்கிற அளவுக்குப் பரவிக்கொண்டு பிடித்துக்கொண்டாள்.

அக்கா ஒரு குவளை ஊற்றினாள். இன்னொரு குவளை. முணுமுணுவென்று ஏதோ பாட்டு அவள் வாயில். பாடி இரண்டு வருடமாகிறது. "இது என்ன, போகவே மாட்டேங்குது" என்றாள். பிளீச்சிங் பவுடரைத் தூவினாள். எரிந்தது. கெண்டை எரிந்தாள். அக்கா முட்டியிட்டு உட்கார்ந்து, பிரஷ்ஷை எடுத்து, ஒரு ஓரத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். நன்றாக அழுத்தித் தேய்த்தாள். டிப்போக்காரி, ஆரம்பித்ததைப் பாதியில் விடமாட்டாள்.

கால்களிலிருந்து தொடங்கியிருந்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. ஈரப் பின்னல், துவைத்த உடை, பளிச்சென்ற முகம். கெண்டையின் கண்களால் அது கெண்டையைப் பார்த்தது. கெண்டையின் உதட்டால் சிரித்தது.

"எந்திரிக்கா, நீ ஏன் கஷ்டப்படறே," என்றது பாசமாக. அக்காவின் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டு, கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி, ஓடுகளின் மேல் மண்டியிட்டது. "குடு, நான் முடிக்கறேன்."